முதலில் கலியாணப் பதிவைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெஞ்சுக் கனடியர்கள் தங்கள் மூதாதையரைத் தேடுவது பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் பழைய குடிசன மதிப்பீடுகளில் இருந்து தொடங்கச் சொல்லியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் மருமகன் கியூபெக்கைச் சேர்ந்தவர், அவருடைய வம்சாவளியை இருவருமாகத்தான் தேடினோம், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் பிடிக்க வேண்டியது கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளின் கலியாணப் பதிவு. மணமக்கள் இருவரின் தாய் தகப்பன் பெயரும் அதில் பெரும்பாலும் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் உட்பட. அந்தத் தாய் தகப்பனின் கலியாணத்தைத் தேடினால் அடுத்த தலைமுறை, அப்புறம் அதற்கும் முந்தியது என்று பல குடும்பங்களை 1600கள் வரைக்கும் கொண்டுபோகலாம். விதவையின் மறுமணம் என்றால்தான் சிக்கல், பெற்றோரை விட்டுவிட்டு இறந்த கணவரின் பெயரை மட்டும் எழுதிவிடுவார்கள். பதிவேடுகளை இரண்டு பிரதியாக எழுதும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சியிலேயே வந்துவிட்டதால், கோயில் எரிந்த ஊர்களில்கூட மற்றப் பிரதி கிடைக்க வாய்ப்புண்டு.

குடிசன மதிப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1666இல் அங்கிருந்த பிரெஞ்சு நிர்வாகி ஜான் தலோன் வீடு வீடாக எடுப்பித்த கணக்கில் 3,215 பேர் பெயரோடு இருக்கிறார்கள், பார்க்கவே ஆசையாக இருக்கும்! ஆனால் 1871, 1881 கணக்குகளில் வீட்டுத் தலைவருக்கு யார் என்ன உறவு என்றே கேட்கவில்லை, 1891இல்தான் கேட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கும் சின்னப் பையன் மகனா, அக்கா பிள்ளையா, தம்பி பிள்ளையா என்று நாமாக ஊகிக்க வேண்டியதுதான். பத்து வருடம் கழித்து எடுத்த அடுத்த கணக்கில் வயதும் சரியாகப் பத்து கூடியிருக்காது, ஏழும் கூடியிருக்கும், பன்னிரண்டும் கூடியிருக்கும்.

கட்டுரை தொடாத இன்னொன்று இரட்டைக் குடும்பப் பெயர். 'ஊடோன் டி போலியூ' (போலியூ எனப்படும் ஊடோன்) என்று பதிவான குடும்பத்தில் அண்ணன் ஊடோனாகவும் தம்பி போலியூவாகவும் எழுதப்பட்டிருக்கலாம். பிழைப்புக்காக அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் போனவர்களில் புவாவேர் என்ற குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் கிரீன்வுட் என்று மொழிபெயர்க்கப்பட்டதும் உண்டு. போதாக்குறைக்கு ஞானஸ்நானப் பதிவில் ஆண் பிள்ளைகள் பலரும் ஜோசப், பெண் பிள்ளைகள் பலரும் மரி, கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

1931 வரையான கனடிய குடிசன மதிப்பீடுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று தெரியாவிட்டால், அதைப் பிடிக்க மட்டும் அது போதும். ஊர் தெரிந்ததும் அந்தப் பங்கின் பதிவேட்டுக்குப் போங்கள். தொடர் கட்டுரையில் இதையும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மொன்றியல்