சித்தப்பாவுக்கு, அந்தக் கம்பளியைப் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

போன வாரம் எனக்குத் தீக்காயப் பிரிவில் டியூட்டி போட்டார்கள். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிஸ்டர் சொன்ன அளவுக்கு மட்டும் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினேன். விடிந்து ஹாஸ்டலில் வந்து படுத்ததும் உங்கள் ஞாபகம்தான். "தண்ணி கேட்டாங்க கண்ணு" என்று அன்றைக்கு நீங்கள் சொன்னது இத்தனை வருடம் கழித்துத்தான் என் காதில் விழுந்தது.

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் பிளஸ் டூ. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது மிஸ் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி வராண்டாவில் ஓடினார். குன்னூரை அடுத்த காட்டேரி பக்கம் ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் நஞ்சப்பசத்திரம் என்றார்கள். உங்கள் ஊர். அம்மாவுக்குப் போன் போகவில்லை, உங்களுக்கும் போகவில்லை. கையில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது.

சூலூரிலிருந்து 11.48க்குக் கிளம்பி 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டிய ஹெலிகாப்டர். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. இன்னும் ஏழு நிமிடம் பறந்திருந்தால் போதும். உள்ளே 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் தன் மனைவி மதுலிகாவோடு, தான் படித்த வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பேச வந்துகொண்டிருந்தார். அவர் இறந்ததை விமானப்படை உறுதி செய்தபோது மாலை ஆறு மணி. எங்கள் லைனில் அன்றைக்கு எந்த வீட்டிலும் சீரியல் ஓடவில்லை.

எட்டு மணிக்கு மேல் சித்தியையும் தம்பியையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போக வந்தீர்கள். உள்ளே வராமல் வாசல் படியிலேயே உட்கார்ந்தீர்கள். ஸ்வெட்டரில் புகை நாற்றம். அம்மா டீ போடப் போன நேரம், நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டேன்: "வீடியோ எடுத்தீங்களா சித்தப்பா?"

நீங்கள் கோபப்படவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனீர்கள். டிசம்பர் மாதத்து ஐஸ் தண்ணீரில் ரொம்ப நேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான், யாரோ அனுப்பிய தீ எரிகிற வீடியோவை நான் மூன்று குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்தேன். இறந்தவர்களில் சிலருக்கு என் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் அது பட்டிருந்தால் என்ற நினைப்பு இப்போது தூங்க விடுவதில்லை. இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுவதும் அதனால்தான். நான் அனுப்பியதும் ஊரறியத்தானே போனது.

நீங்கள் செய்ததையெல்லாம் சித்திதான் பிறகு சொன்னார். பாதை குறுகல் என்பதால் தீயணைப்பு வண்டி கிட்டே வர முடியவில்லை. ஊரே குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் தூக்கி ஓடியது. தூக்குவதற்கு ஸ்ட்ரெச்சர் இல்லை, அதனால் வீட்டுக்கு வீடு போர்வையும் கம்பளியும் வெளியே வந்தது. உங்கள் கல்யாணத்துக்கு எங்கள் தாத்தா வாங்கிக் கொடுத்த சிவப்புக் கம்பளியும் அப்படித்தான் போனது. அது திரும்பி வரவில்லை. சித்தி ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.

மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு உடல்களைக் கொண்டு போனபோது வழியெல்லாம் ஜனம். நானும் தோழிகளும் ரோட்டோரம் நின்று செவ்வந்தி தூவினோம். நீங்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அப்புறம் குரூப் கேப்டன் வருண் சிங். அந்த 14 பேரில் அவர் ஒருவர்தான் உயிரோடு பெங்களூரு போய்ச் சேர்ந்தார். ஒரு வாரம் எங்கள் வகுப்பில் தினமும் பிரார்த்தனை செய்தோம். டிசம்பர் 15 அன்று அவரும் போய்விட்டார். செப்டம்பரில் அவர் தான் படித்த பள்ளிக்கு எழுதிய கடிதத்தை மிஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னார். சுமாராகப் படிப்பது தப்பில்லை, எல்லோரும் தொண்ணூறு வாங்க முடியாது, பிடித்ததைக் கண்டுபிடித்து அதை மனசு வைத்துச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். வீரத்துக்கான சௌர்ய சக்ரா விருது வாங்கியவர் எழுதியது அது. நான் நர்சிங் எடுத்ததில் அந்தக் கடிதத்துக்கும் பங்கு உண்டு.

ஜனவரியில் விசாரணைக் குழுவின் முதல்கட்ட முடிவு வந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. திடீரென்று மாறிய வானிலையில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய்விட்டது, பைலட்டுக்குத் திசை நிலை தடுமாறிவிட்டது என்றார்கள். நமக்கு அது புரியும், சித்தப்பா. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேகம் ஏறினால் பத்தடி தள்ளி நிற்கிற சில்வர் ஓக் மரம் தெரியாது. நாம் நின்றுவிடுவோம், விலகட்டும் என்று காத்திருப்போம். பறக்கிறவர் எங்கே நிற்பார்?

நான் கேட்டது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கிறது. சித்திக்குக் கோவையில் ஒரு கம்பளி பார்த்து வைத்திருக்கிறேன், சிவப்புதான். வந்து அதே வாசல் படியில் உங்கள் பக்கத்தில் உட்காருவேன். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், இல்லையென்றால் டீ குடிப்போம். போன் என் கையில் இருக்காது.

உங்கள்
கண்ணு