மாணவர்களை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நர்சிங், பிசியோதெரபி படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு ஏட்டில் இருப்பது தெரிகிறது, கைவேலை தெரியவில்லை என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் அலுத்துக்கொண்டிருந்தார். அலுப்பு நியாயம்தான். ஆனால் பழியை முழுக்கக் கல்லூரிகளின் தலையில் கட்டிவிட்டாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் ஓய்வுபெற்ற செவிலியர். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் வார்டு இன்சார்ஜாக இருந்தவள். போஸ்டிங் என்று வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குக் கைவேலை வராமல் போவதில் எங்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

ஒரு மாலை ஷிப்ட். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த பெரியவர் ஒருவருக்கு மூன்றாம் ஆண்டு மாணவி காய்ச்சல், நாடி, பிபி எல்லாம் பார்த்துச் சார்ட்டில் எழுதினாள். எழுதி முடித்த பிறகும் கட்டிலை விட்டு நகரவில்லை. என்னம்மா என்று கேட்டேன். "சிஸ்டர், மூச்சு எண்ணினப்ப 28 வந்துச்சு. தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சு 20-ன்னு போட்டுட்டேன்." சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே வரிசையாக 20, 20, 20, 20. நாலு கையெழுத்து, நாலு ஷிப்ட், ஒரே எண். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக ஒரு முழு நிமிடம் எண்ணினோம். 28தான். டாக்டரைக் கூப்பிட்டோம். நுரையீரலில் சளி கட்டத் தொடங்கியிருந்தது.

உடல்நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க பிரிட்டனில் 2012 முதல் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது; மதிப்பெண் கூடக் கூட ஆபத்து. அதில் நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கை 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம். 25-ஐத் தொட்டுவிட்டால் அந்த ஒன்றுக்கே உச்ச மதிப்பெண்ணான 3. அவள் எண்ணியதற்கும் எழுதியதற்கும் அவ்வளவு தூரம். இதெல்லாம் அவள் படித்ததுதான். கல்லூரி ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்லிக்கொடுத்தது. மேல் வரியைப் பார்த்து எழுதச் சொல்லிக்கொடுத்தது எங்கள் சார்ட். நாங்கள் வாயைத் திறக்காத நேரத்திலும் வார்டில் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஸ்டாஃப் லீவு என்றால் நான் டியூட்டி லிஸ்ட்டைப் பார்ப்பேன், அடுத்து மாணவர் பட்டியலைப் பார்ப்பேன். "மூணு ஸ்டூடண்ட்ஸ் இருக்காங்கல்ல, ஓட்டிடலாம்." அப்படி ஓட்டிய மாதங்கள் எத்தனையோ. நாளுக்கு நாற்பது பிபி பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள், வீட்டுக்குக் கிளம்பும் ஒரு நோயாளியிடம் மருந்தை விளக்கிச் சொல்வது எப்படி என்று ஒருமுறைகூடப் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில் அவர்களைப் படுக்கை விரிக்க அனுப்பியிருப்போம். கடைசி நாள், செய்து பழகியதற்கெல்லாம் எங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டிய லாக் புக் குவியலோடு வருவார்கள். கண்ணால் பார்க்காத ப்ரொசீஜருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறுத்தால் அந்தப் பிள்ளையின் தேர்வு போய்விடுமே என்ற இரக்கம். அந்த இரக்கத்தின் பலனைத்தான் உங்கள் வாசகர் இன்று அனுபவிக்கிறார் போலும்.

பயிற்சிக்கு வருகிறவர் ஆள் கணக்கில் சேரமாட்டார் என்பது பிரிட்டன் நர்சிங் கல்வியில் எழுதி வைத்த விதி. 2018-இல் அங்கே இன்னொன்றையும் செய்தார்கள்: கூடவே நின்று சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்று பிரித்தார்கள். முதலில் படித்தபோது இது வெறும் காகித வேலை என்றுதான் நினைத்தேன். அந்த 28 நினைவுக்கு வந்த பிறகு புரிந்தது. மார்க் போடும் கை என்னுடையதாக இருக்கும்போது, "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று என்னிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்? அன்று நான் கேட்காமல் போயிருந்தால் அவள் சொல்லியிருக்கவே மாட்டாள்.

சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே இருக்கிறது என்று என் பழைய தோழிகள் கேட்பார்கள். வகுப்பு எடுக்க நேரம் இல்லைதான். ஆனால் 1992-இல் அமெரிக்க மருத்துவ ஆசிரியர்கள் சிலர், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஓரிரு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க ஐந்து படிகளை வகுத்தார்கள். அதன் பெயர் தெரியாமலே நல்ல சீனியர்கள் எல்லா வார்டுகளிலும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். "இவரை இன்னைக்கு எழுப்பி நடக்க வைக்கலாமா? நீ சொல்லு." வைக்கலாம் என்கிறான் பையன். "எதை வெச்சு சொல்ற?" வலி குறைந்திருக்கிறது, பிபி சரியாக இருக்கிறது என்கிறான். "வலியைக் கேட்டியே, அது நல்லது. ஆனா பிபி படுத்திருக்கும்போது எடுத்தது. முதல்ல கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப்போட்டு உட்கார வை. தலை சுத்துதான்னு கேளு. ஒரு நிமிஷம் கழிச்சு திரும்ப எடு. அப்புறம் நிக்க வைக்கலாம்." அவ்வளவுதான். கேட்டாயிற்று, காரணம் வாங்கியாயிற்று, ஒரு விதி சொல்லியாயிற்று, சரியாகச் செய்ததையும் விட்டதையும் சொல்லியாயிற்று. இதற்குப் பதிலாகப் போகிறபோக்கில் "குட், குட்" என்று சொல்லிவிட்டுப் போனால் எது குட் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கல்லூரிகளையும் விட்டுவிடுவதற்கில்லை. எங்களுக்கு வரும் கடிதத்தில் பெயரும் தேதியும்தான் இருக்கும். இந்தக் குழு எதையெல்லாம் செய்து பழகியிருக்கிறது, எதை இன்னும் தொட்டதே இல்லை என்று இரண்டு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? வாரம் ஒருமுறை வரும் ட்யூட்டர் யூனிஃபார்மையும் வருகைப் பதிவையும் பார்த்துவிட்டுக் கிளம்புவதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில் சில வார்டுகளையே கற்பிக்கும் வார்டுகளாக மாற்றி, அங்கிருந்த செவிலியர்களையே ஆசிரியர்களாக்கியது. கல்லூரியும் வார்டும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, லாக் புக்கில் கட்டம் இல்லாத விஷயம். ஒருமுறை, தான் மூன்று நாள் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்த பிறகு, ஒரு மாணவன் சிங்க்கில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தான். சோப்பு நுரையெல்லாம் போய்விட்டது, குழாயை மூடவில்லை. நான் அடுத்த அட்மிஷனைப் பார்க்கப் போய்விட்டேன். அவனோடு பத்து நிமிடம் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் உட்காரவில்லை.

மருத்துவமனை நிர்வாகிகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் இருக்கும் ஷிப்டில், அவர்களைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்று டியூட்டி லிஸ்ட்டில் பெயர் போடுங்கள். அந்தச் செவிலியருக்கு ஒரு நோயாளியைக் குறைத்துக் கொடுங்கள். ஆள் இல்லை என்பீர்கள். ஆய்வுக்குழு வருகிற நாட்களில் மட்டும் வார்டுக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள் என்று இன்சார்ஜ்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு இன்சார்ஜ் ஒருவர்