மகள் கேட்ட கத்தி

தம்பிலுவில்,
வைகாசிக் கடைசி.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் கோயில் குளிர்த்திச் சடங்கு. கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்துவிட்டால் நம் ஊரில் வேறு வேலை நடக்குமா? திருக்குளிர்த்தி அன்று விடிய விடிய நின்றதில் என் முழங்கால் இன்னும் முறுமுறுக்கிறது. மனுசிக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வரவில்லை. வீடு நல்ல அமைதியாக இருந்தது என்று நான் எழுதியதை அவளிடம் சொல்லிவிடாதே.

பெரும்போகம் பரவாயில்லை. நெல்லு விலைதான் வழக்கம்போல, நாங்கள் விற்கும் வரைக்கும் விழுந்து, விற்று முடிந்ததும் எழும்பியது. சாகாமத்துப் பக்கம் இப்போது வெட்டுக்காரர் கூட்டத்தைக் காண முடியாது. மெசின் வருகிறது, ஒரு மணித்தியாலத்தில் ஒரு ஏக்கரை விழுங்கிவிட்டு அடுத்த வரவைக்குப் போகிறது. நான் வாடியில் இருந்து பிளேன்டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வயல்காரப் போடியார் மாதிரி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கடன் மட்டும் அவருக்கு வயல் பார்க்கிற முல்லைக்காரனுடையது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

மகள் இரண்டு வருடமாகச் சிலாட் என்கிற இந்தோனேசியச் சண்டைக்கலை பழகுகிறாள், 18வது பிறந்தநாளுக்கு அதில் வருகிற கராம்பிட் என்ற வளைந்த கத்தி ஒன்று வேண்டும் என்கிறாள், தாய் அழுகிறாள், நீ நித்திரை கொள்ளவில்லை. 'நீயும் நானும் சிலம்படி பழகினவர்கள், நீ சொன்னால் கேட்பாள்' என்று எழுதியிருக்கிறாய். எதைச் சொன்னால் கேட்பாள்? வாங்கு என்றா, வேண்டாம் என்றா? அதை நீ எழுதவில்லை. உனக்கே தெரியவில்லைப் போல.

கத்தியின் படத்தை என் சின்னவனிடம் காட்டினேன். பார்த்த உடனே பெயர் சொன்னான். கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் அந்தக் கத்தி வருகிறதாம், விரலில் மாட்டிச் சுழற்றுவார்களாம், நிறத்துக்கு ஒரு விலையாம். இல்லாத கத்திக்குக் காசு கொடுக்கிறார்கள், மச்சான். உன் மகள் இருக்கிற கத்தியைத்தானே கேட்கிறாள், அந்த மட்டில் அவள் புத்திசாலி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குப் புலிநகம் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், சுமாத்திராவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் வந்தது நெல்லு அறுக்கிற நம் தாக்கத்தி. அதே வளைவு, அதே உள்வாய்க் கூர். அளவு சின்னது, பிடியின் அடியில் ஒரு வளையம், அவ்வளவுதான் வித்தியாசம். கராம்பிட் மேற்குச் சுமாத்திராவில் மினாங்கபாவ் ஆட்களுடைய கத்தி. அவர்கள் நெல்லு விதைக்கிற சனம். முதலில் வயலிலும் தோட்டத்திலும் வேர் கிளறவும் புல் அறுக்கவும் வைத்திருந்தது, பிறகுதான் சண்டைக்குப் போனது என்றுதான் அதன் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அரிவாளை எங்கே யார் சண்டைக்கென்று செய்தான்?

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். மினாங்கபாவ் ஆட்களும் நம்மைப் போலத் தாய்வழிக் குடி. வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்கு. உலகத்தில் இருக்கிற தாய்வழிச் சமூகங்களில் அதுதான் ஆகப் பெரியது. அப்படிப் பார்த்தால் அந்தக் கத்தியை மகள் கேட்பதுதான் முறை, உன்னிடம் கேட்டதுதான் பிழை.

சூறாவளிக்கு அடுத்த வருடம், 1979இல், அண்ணாவியார் வளவில் நாங்கள் பழகத் தொடங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். கூரை போன கொட்டில், மண்ணெண்ணெய் விளக்கு. மூன்று மாதம் காலடி மட்டும். கம்பைத் தொடவே விடவில்லை. நீ கோபித்துக்கொண்டு சீனடிச் சண்டை பழகப் போகிறேன் என்று அக்கரைப்பற்றுக்குப் போனாய். அங்கே அந்த வாத்தியாரும் முதலில் காலைத்தான் போடச் சொன்னார் என்று நாலாம் நாள் திரும்பி வந்தாய்.

கத்தி என்ற ஒன்றை அவர் எங்கள் கையில் தந்ததே இல்லை. தென்னம்பாளையின் நுனியை வளைவாகச் சீவி, உள்பக்கம் சிரட்டைக் கரி பூசித் தருவார். வெள்ளைப் பெனியனோடு நிற்க வேண்டும். கரி பட்ட இடம் வெட்டுப்பட்ட இடம். முதல் நாள் முடிய விளக்கடியில் நிற்க வைத்துப் பார்த்தார். உன் பெனியனில் என்னால் பட்ட கோடு இரண்டு. என் உடம்பில் உன்னால் பட்டது ஒன்று. என் கையால் எனக்கே பட்டது ஐந்து: இடக்கை மணிக்கட்டில், முழங்கையின் உள்பக்கம், ஒன்று நாடியில்கூட. அண்ணாவியார் சிரிக்கவில்லை. 'நீ இவனோடு சண்டை பிடிக்கவில்லை, உன்னோடுதான் பிடித்திருக்கிறாய்' என்றார்.

நேரான கத்தி முன்னால் போகும். வளைந்தது திரும்பி வரும். குத்திவிட்டு எடுப்பதில்லை அது, கொளுவி இழுப்பது. இழுக்கிற பாதையின் முடிவில் நிற்பது நாங்கள்தான். கொம்புமுறி பார்த்திருக்கிறாய்தானே, வடசேரிக் கொம்பும் தென்சேரிக் கொம்பும் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு, இரண்டு பக்கமும் வடம் பிடித்து இழுக்க, எந்தக் கணத்தில் முறியுமென்று தெரியாமல் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முறிந்ததும் வென்ற பக்கமும் மல்லாக்க விழும். கராம்பிட்டில் அந்த ஆபத்து முழுக்க ஒரு விரலுக்குள் இருக்கிறது. வளையத்துக்குள் விரல் மாட்டியிருப்பதால் கத்தி கையை விட்டு விழாது, தட்டிவிடவும் முடியாது. அது நல்லதுக்குத்தான். ஆனால் கத்தி எதிலாவது கொளுவிக்கொண்டால் விடவும் முடியாது, விரல் திருகிக்கொண்டு போகும். அவளுடைய ஆசிரியர் இதையெல்லாம் சொல்லியிருப்பார். சொல்லாதவரென்றால் ஆசிரியரை மாற்று, கத்தியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

சுட்டுவிரலை வளையத்தில் விட்டு, அலகு சுண்டுவிரல் பக்கம் கீழே வரப் பிடிப்பதுதான் அவர்களுடைய வழக்கமான பிடி. நான் தாக்கத்தியை அப்படிப் பிடித்துப் பார்த்தேன், கிணற்றடியில், யாரும் இல்லாத நேரத்தில். இரண்டு தடவை வீசினேன். மூன்றாம் தடவை மனுசி வந்துவிட்டாள். இந்த வயதில் யாரை வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். தொண்டை சரியாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

கத்தாரில் என்னோடு ஒரே அறையில் இருந்த நேபாளக்காரனைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். அவர்கள் ஊர்க் கத்தியான குக்ரியை உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காட்டாமல் திரும்ப வைக்கக்கூடாதாமே என்று கேட்டதற்கு, 'எங்கள் அம்மா அதால் கோழியும் வெங்காயமும் வெட்டுகிறாள், விறகும் பிளக்கிறாள்' என்று சொன்னான். உறைக்குள் கூடவே இரண்டு சின்னக் கத்தி இருக்குமாம், ஒன்று சில்லறை வேலைக்கு, மற்றது தீட்டுவதற்கும் தீ தட்டுவதற்கும். குக்ரியும் வளைவுதான், ஆனால் அது வேறு சாதி. பாரம் முன்னுக்கு, கோடரியைப் போல விழும். இழுக்கத் தேவையில்லை.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். நான் இங்கே இருந்து உனக்கு லண்டன் சட்டம் சொல்வது கடலுக்கு உப்பு அனுப்புவது போல. ஆனாலும் தங்கையின் மகன் அங்கேதானே, அவனிடம் விசாரித்தேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கத்தி விற்கக்கூடாது, அதனால் அவள் பொறுத்திருப்பது சரி. வீட்டில் வைத்திருப்பது வேறு, வெளியே கொண்டு போவது வேறு. 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு விழாத மடக்குக் கத்தியைத் தவிர மற்றதைத் தக்க காரணம் இல்லாமல் தெருவில் கொண்டு திரிந்தால் குற்றம், 4 வருடம் வரைக்கும் உள்ளே போகலாம். 50 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் அலகுள்ள வளைந்த வாளுக்கு 2008இலிருந்து தடை, சில விலக்குகளோடு. கராம்பிட் அந்த நீளம் இல்லை. ஆனால் 2024 செப்டெம்பரில் சொம்பிக் கத்தி என்று ஒரு வகையையும் தடை செய்திருக்கிறார்கள், 8 அங்குலத்துக்கு மேல், பல்லும் ஓட்டையும் வைத்துப் பயமுறுத்துகிற மாதிரிச் செய்தது. ஆகவே கடையில் எதை விற்கிறார்கள் என்று பார்த்து வாங்கு. பழகப் போகிற இடத்துக்குக் கூர் இல்லாத அலுமினியக் கத்தியோ ரப்பர் கத்தியோ போதும். அதையும் பையின் அடியில் கட்டி வைத்துக்கொண்டு போகச் சொல். பொலிஸ்காரனுக்குத் தூரத்தில் இருந்து ரப்பர் தெரியாது.

தூரத்தில் தெரியாதது என்றதும் ஒரு கதை. உனக்கு இதை நான் சொன்னதில்லை, நீ அப்போது போய்விட்டாய். 90களின் நடுவில் ஒரு நாள், யூரியா பையில் தாக்கத்தியைச் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகிறேன். சோதனைச் சாவடியில் இறக்கி நிற்பாட்டினார்கள். ஒருவன் பையை உதறினான், கத்தி மண்ணில் விழுந்தது. சுற்றி நின்ற எல்லாருடைய துவக்கும் ஒரே நேரத்தில் அசைந்தது. கையை உயர்த்தியபடி நான் 'தாக்கத்தி, தாக்கத்தி' என்று சொல்லிக்கொண்டே நின்றேன், வேறு சொல் வாயில் வரவில்லை. பின்னால் இருந்து வயது கூடிய ஒருவன் வந்தான். குனிந்து எடுத்தான். பெருவிரலை அலகுக்குக் குறுக்கே வைத்து மெல்ல நகர்த்திப் பல்லுப் பார்த்தான், நம் அப்பாமார் பார்ப்பார்களே, அச்சாக அப்படி. 'தேகெத்த' என்றான் மற்றவர்களிடம். சிங்களத்தில் அதுதான் அதற்குப் பெயர். பிறகு என்னிடம் பிடியை நீட்டினான். அலகு அவன் பக்கம் இருந்தது.

அவன் எந்த ஊரானோ. வயல்காரன் என்பது மட்டும் நிச்சயம். கத்தியை அடுத்தவனுக்கு அப்படி நீட்டத் தெரிந்தவன் எங்கோ ஒரு வரம்பில் வளர்ந்திருப்பான்.

உன் மகள் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். வாங்கிக் கொடு. ஆனால் கத்தி வைத்திருப்பதென்றால் அதைப் பார்க்க வேண்டும், மாட்டைப் பார்ப்பது போல. வளைவின் உள்கூரைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது, உருளையான கம்பிக்கல் வேண்டும். தோல் உறை அழகுதான், ஆனால் அதற்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் ஈரம் பிடித்துக் கறள் ஏறும். துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பூட்டுகிற பெட்டியில் வைக்க வேண்டும். இதை அவளே செய்யட்டும், நீ செய்யாதே. ஆறு மாதத்தில் கறள் ஏறியிருந்தால் அவள் கேட்டது கத்தியை இல்லை, படத்தை என்று விளங்கிக்கொள். அப்போது வாங்கி உள்ளே வை, சண்டை பிடிக்காதே. சுழற்றிக் காட்டி வீடியோ எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம் என்று சொல். சுழற்றுகிறவர்களுடைய முழங்கையைப் பார்த்தால் விளங்கும்.

மனைவிக்கு என்ன சொல்வது என்று கேட்டாய். அது உன் பாடு, மச்சான். என் வீட்டிலேயே நான் கிணற்றடியில் ஒளித்துத்தான் வீசினேன்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோயிலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். பிள்ளையையும் கூட்டி வா. கராம்பிட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வராதே, வீண் தலையிடி. அப்பாவின் பழைய தாக்கத்தி ஒன்று பரணில் கிடந்தது, இறக்கி எண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். லொறி வில்லுத் தகட்டில் அடித்தது, கறளுக்குக் கீழே இரும்பு இன்னும் நீலமாக இருக்கிறது. கம்மாலைக்காரர் பல்லு வெட்டித் தருவதாகச் சொன்னார். அவரும் இப்போது கிழமைக்கு இரண்டு நாள்தான் உலை மூட்டுகிறார், மிச்ச நாள் மெசின்காரருக்குப் பற்றாசு ஒட்டுகிறார். சிறுபோகம் அப்போது வெட்டுக்கு வந்துவிடும். மெசின் திரும்ப முடியாத மூலையில் கொஞ்சம் நெல்லு எப்போதும் மிஞ்சும், அதை அவளுக்கென்று விட்டு வைக்கிறேன். இடக்கைச் சின்னவிரலை மடக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. என் விரலில் இருக்கிற தழும்பை நீ பார்த்திருக்கிறாய்.

பழைய பிடி உக்கிவிட்டது, புதிதாகப் போட வேண்டும். அவளுடைய உள்ளங்கையின் அகலத்தை, நாலு விரலும் சேர்த்து, ஒரு நூலால் அளந்து எழுது. உன் கையை அளந்து அனுப்பாதே.

மனுசி எல்லாரையும் சுகம் கேட்டாள்.

உன் மச்சான்.