கோப்பை மைதானத்திலேயே முடிவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தியக் கால்பந்தின் ஐ-லீக்கை 'இரண்டாம் நிலைப் போட்டி' என்று ஒரு வரியில் முடித்துவிடும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2019 மார்ச் 9 ஞாபகத்துக்கு வரும். அன்று கோவை நேரு ஸ்டேடியம் கேலரியில் இருந்தேன். மினர்வா பஞ்சாபுடன் கடைசி ஆட்டம். கோவையில் ஆடிவந்த நம் சென்னை சிட்டி அணி ஜெயித்தால் சாம்பியன், சறுக்கினால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் முந்திவிடலாம். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே எதிரணி கோல் போட்டுவிட்டது.

அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு சீட் தள்ளி ஒருவர் செல்போனில் அந்த ஸ்கோரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, எங்கள் வரிசையே அவர் பக்கம் சாய்ந்துகிடந்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், அவர் போட்டார் இரண்டு கோல். ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து 2-1 என்று ஜெயித்துவிட்டது. ஆனாலும் 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை நமக்கு.

அந்தச் சாம்பியனுக்கு, மேல்நிலைப் போட்டியான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கதவு திறக்கவில்லை. மேலே ஏறும் வழி 2022-23 சீசனில்தான் வந்தது; அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. அந்த ஆண்டு பஞ்சாப் ஏறியது, அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங்.

சரி, ஏற வழி வந்தது. இறங்க? 2024-25-இல் ஐ.எஸ்.எல்.லின் 13 அணிகளில் முகமதன் கடைசி. ஆனால் அந்த சீசனில் கடைசி இடத்துக்கு இறக்கம் இருக்கவில்லை. இழக்க ஒன்றுமில்லாத இரண்டு அணிகள் சீசன் கடைசியில் மோதினால் அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அதே சீசனின் ஐ-லீக் கதை இன்னும் மோசம். ஏப்ரல் 6-இல் கடைசி ஆட்டங்கள் முடிந்தன. சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, இன்டர் காசி 39. ஆனால் ஜனவரியில் நாம்தாரி அணியிடம் காசி தோற்ற ஆட்டத்தில், நாம்தாரி பக்கம் தடையில் இருந்த ஆட்டக்காரர் இறங்கினார் என்ற புகார் அப்போதும் இழுபறியில் இருந்தது; அது நிரூபணமானால் அந்த ஆட்டத்தின் புள்ளிகள் காசிக்குப் போகும். ஒரு குழு ஒன்று சொல்ல, மேல்முறையீட்டுக் குழு வேறொன்று சொல்ல, விவகாரம் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. கடைசியில் ஜூலை 18-இல் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பு. காசிக்கு நியாயம் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேலரியில் இருப்பவன் துள்ளிக் குதிக்க மூன்று மாதம் காத்திருக்க முடியுமா?

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரு அணிகளின் பட்டியலும் ஆட்ட அதிகாரிகள் கைக்கு வந்துவிடுகிறது. யார் எத்தனை மஞ்சள் அட்டை வாங்கினார், யார் தடையில் இருக்கிறார் என்பதை அப்போதே லீக் நிர்வாகம் சரிபார்த்து, 'இவர் இறங்கக் கூடாது' என்று சொல்லிவிட்டால் இத்தனை வழக்கும் எதற்கு?

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது ஐ-லீக் புள்ளிப் பட்டியலைப் போடுங்கள். இங்கிலாந்து லீக் பட்டியலுக்குக் கிடைக்கிற இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
கோவை வாசகர் ஒருவர்