முதல் 209 எபிசோடை விட்டுவிடாதே

அன்புள்ள கண்ணம்மா,

நீ 'டார்க் ஷேடோஸ்' என்ற பழைய அமெரிக்க டிவி தொடரைப் பார்க்கிறாய் என்று போனில் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நேராக 210-வது எபிசோடிலிருந்து தொடங்கி இப்போது முன்னூறைத் தாண்டிவிட்டேன் என்றாயே, அதுதான் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சவப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வில்லி என்கிறவனைப் பிடிக்கிற இடம், அங்கிருந்து பார்த்தால் போதும் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். காட்டேரி பர்னபாஸ் வந்த பிறகுதான் தொடர் பெரிதாக ஓடியது, கொஞ்ச நாளைக்கென்று அந்த வேஷத்துக்கு வந்த ஜொனாதன் ஃப்ரிட் 1971-ல் தொடர் முடியும் வரை இருந்துவிட்டார், அதெல்லாம் சரி.

ஆனால் கதை நடக்கிற அந்தக் காலின்வுட் மாளிகை யாருடையது? எலிசபெத்துடையது. 1966-ல் கதை தொடங்கும்போது அவள் காலின்வுட்டை விட்டு வெளியே போய் 18 வருஷம் ஆகியிருக்கிறது, ஏன் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எலிசபெத்தாக நடிக்கும் ஜோன் பென்னட் அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் சும்மா ஜன்னலோரம் நிற்பார், கீழ்த்தளத்தில் பூட்டியிருக்கும் அறையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் குரல் மட்டும் மாறும், அவ்வளவுதான், எனக்கு அது எந்தக் காட்டேரியையும் விட அதிகம் நடுக்கம் தந்தது. அந்தக் குடும்பத்தின் பழைய வீட்டில் ஜோசெட் என்பவளின் ஆவி தன் ஓவியத்திலிருந்து இறங்கி வருவதும் அந்தப் பகுதியில்தான். மெதுவாகப் போகும், வசனத்தை மறந்து திணறுவார்கள், மைக் தெரியும், திரும்ப எடுக்க அவர்களுக்கு வசதியில்லை. பொறுத்துக்கொண்டு பார். நீ நுழைந்த இடத்தில் ஜேசன் என்கிறவன் எலிசபெத்தை ஏற்கெனவே மிரட்டிக்கொண்டிருக்கிறான், அவள் எதைக் காவல் காக்கிறாள் என்ற பாரம் உனக்கு எப்படித் தெரியும்?

அந்த அறையைத் தோண்டும் இடத்தை நீ தாண்டியிருப்பாய், அதனால் எழுதுகிறேன். புருஷனைத் தானே கொன்றுவிட்டதாகவும், அவன் உடல் அங்கே புதைத்த பெட்டிக்குள் கிடப்பதாகவும் நம்பி 18 வருஷம் வீட்டோடு கிடந்தவள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் சித்தியோடு நான் பேசி 11 வருஷம் ஆகிறது, உனக்கே தெரியும். ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றியிருக்கிறேன். பாட்டியைக் கடைசிக் காலத்தில் நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவள் யாரிடமோ சொன்னதாக என் காதுக்கு வந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வருகிற விசேஷம் எதற்கும் போகவில்லை, உன்னையும் போகவிடவில்லை, அதற்கு என்னை மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அவள் பேசவே இல்லை. அப்புறம், "அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

உன் நம்பர் கேட்டாள், கொடுத்திருக்கிறேன். புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடு கண்ணம்மா, அது சித்தி.

அன்புடன்,
அம்மா