ஞாயிறு சந்திப்பு: பழைய மெட்ராஸ் படத் தபால் அட்டைகள்

நண்பர்களே, இந்த ஞாயிறு காலை 10 மணிக்கு ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வழக்கமான டீக்கடையில் கூடுகிறோம், அட்டைகளை எடுத்து வந்துவிடுங்கள். போன வாரம் எனக்கு ஒரு மசூலா படகு (கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்த அந்தக் காலப் படகு) அட்டை சிக்கியது. ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள் அதில் அவ்வளவு தெளிவு, ஓரத்தில் மட்டும் பழுப்புக் கறை (டீயோ என்னவோ). பின்பக்கம் சேதியையும் முகவரியையும் பிரிக்கும் நடுக்கோடு கிடையாது, முழுக்க முகவரிக்கே என்பதால் அனுப்பியவர் சேதியைப் படத்தின் வானத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார். இந்த மாதிரி அட்டைகள் பெரும்பாலும் 1900களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ‘பிளாக் டவுன்’ என்று அச்சிட்டது கிடைத்தால் விடாதீர்கள், 1906இல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆனது. அப்புறம், தயவுசெய்து யாரும் லேமினேட் செய்யாதீர்கள், போன தடவை ஒன்றைப் பார்த்து வயிறே எரிந்துவிட்டது. வருகிறவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள், பெஞ்சு பிடிக்க வேண்டும்.