அம்பை 16 நெல்லுக்கு எனக்கு என்ன விலை கிடைக்கிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூத்தவளுக்கு வரன் பார்க்கிற செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில் கொளுத்திப் போட்டிருக்கிறாயே, அதற்குத்தான் முதலில் பதில். "அரிசி விற்கிற விலைக்கு விவசாயிகள் நீங்கள் எதற்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருகிறீர்கள்? கடைக்கு வருகிறவர்கள் என்னைத்தானே ஏசுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறாய். உன் கல்லாவில் இருக்கிற விலையும் என் களத்தில் இருக்கிற விலையும் ஒன்றென்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

நீ வியாபாரி, கணக்காகவே சொல்கிறேன். 2025–26க்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும். ஆக, அரசு விலை முழுசாகக் கைக்கு வந்தாலே கிலோ அரிசிக்கு எனக்கு 38 ரூபாய்தான். அதில் உரம், நடவுக்கூலி, அறுவடை மிஷின் எல்லாம் அடக்கம். அந்த 2,500 கைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வியே.

கார் பருவ அறுப்பு எப்படியிருக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. கதிர் முற்றுகிற நேரம் பார்த்து மேகம் மூடிக்கொள்ளும். இந்தத் தடவை வயலில் கால் புதைந்தது. டயர் போட்ட அறுவடை வண்டி இறங்காது என்று கைவிரித்துவிட்டார்கள். பெல்ட் வண்டிக்கு மணிக்கு 3,000 ரூபாய் கொடுத்து அறுத்தேன். நெல்லை அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஒரு கை அள்ளி ஈரப்பத மானியில் போட்டார்கள். 19 சதவீதம் என்று காட்டியது. 17க்கு மேல் எடுக்கக்கூடாது என்பது விதி. "காயப்போட்டுக் கொண்டுவாருங்கள் அண்ணாச்சி" என்றார் அங்கிருந்த பையன். எங்கே காயப்போடுவது? களம் என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது. எல்லாரையும் போல நானும் தார்ச் சாலையில் ஒரு பக்கமாகக் கொட்டி, கல் அடுக்கி, உன் தங்கச்சியும் நானும் காலால் கிண்டிக்கொண்டே நடந்தோம். பஸ் வரும்போதெல்லாம் ஓரத்து நெல் தெறித்துச் சாக்கடைக்குப் போகும். வெயில் வந்த நேரத்தை விடத் தார்ப்பாய் போர்த்தியிருந்த நேரம்தான் அதிகம்.

அங்கேயே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வியாபாரி ஒருவர் நிற்பார். மானி என்ன காட்டியது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். "ஈரத்தோடு எடுத்துக்கொள்கிறேன், கிலோ 18 ரூபாய், இப்போதே பணம்" என்றார். கொடுத்துவிட்டேன். ஈர நெல்லுக்குக் கழிவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு புள்ளி ஈரத்துக்குக் குவிண்டாலுக்கு 700 ரூபாயா கழிப்பது? ஆனாலும் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நகைக் கடன் தவணை முடிகிற வாரத்தில் கையில் பணத்தோடு நின்றது அவர் ஒருவர்தான்.

நாங்கள் வாசலில் உட்கார்ந்தது இதற்காகத்தான். ஈரப்பத வரம்பை 22 ஆக்குங்கள், நிலையத்தைப் பாதி அறுப்பு முடிந்த பிறகு திறக்காமல் முன்கூட்டியே திறங்கள், ஊருக்கு ஒரு சிமென்ட் களம் போட்டுக்கொடுங்கள் என்று கேட்டோம். அரிசி விலையை ஏற்றச் சொல்லி ஒருவரும் கோஷம் போடவில்லை. காவலுக்கு வந்திருந்த ஏட்டையா, தன் வீட்டு நெல்லும் சாலையில்தான் கிடக்கிறது என்று என் காதில் சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய், டெல்லியில் நடந்த விவசாயிகள் போராட்டமெல்லாம் பஞ்சாப்காரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று. 2020 நவம்பரில் சிங்கு, டிக்ரி எல்லையில் உட்கார்ந்தவர்கள் குளிரையும் வெயிலையும் அங்கேயே பார்த்தார்கள். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆகி, அடுத்த மாதம்தான் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு மண்டி இருக்கிறது, அரசு கொள்முதல் இருக்கிறது. அது போய்விடும் என்று பயந்தார்கள். நமக்குப் போவதற்கு அந்த அளவு எதுவும் இருந்ததில்லை. ஆதார விலையைச் சட்டமாக்கு என்று அவர்கள் கேட்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் எங்கள் சங்கத்துக்காரர்கள் அது வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மேடையில் பேசும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஆதார விலைப் பட்டியலில் 23 பயிர்கள். நெல் இருக்கிறது, உளுந்து இருக்கிறது. களக்காட்டு வாழை இருக்கிறதா? தக்காளி இருக்கிறதா? ஏத்தன் வாழைத்தார் வெட்டுகிற சமயத்தில் கேரள வியாபாரி வரவில்லை என்றால் எந்தச் சட்டத்தைக் காட்டி விற்பது?

சரி, நெல்லுக்காவது வருகிற விலை சரியா என்றால், அதிலும் ஒரு சூட்சுமம். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு கொடுக்கிறோம் என்றார்கள். ஆனால் அவர்கள் எடுத்த செலவில் கைக்காசும் வீட்டு ஆட்களின் உழைப்பும் மட்டும் உண்டு. சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி இரண்டும் கிடையாது. நீ உன் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறாய் என்பதற்காக வாடகையை விட்டுவிட்டா லாபம் பார்ப்பாய்?

எனக்கு ஆறாதது வேறு. விலை ஏறினால் அதை அடக்கச் சர்க்காருக்கு ஒரு ராத்திரி போதும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். அந்த டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை. பெரிய வெங்காயத்தை மனத்தில் வைத்துப் போட்டதில் ஆலங்குளம் பக்கத்துச் சின்ன வெங்காயமும் மாட்டிக்கொண்டது. அதே டிசம்பரில்தான் தாமிரபரணி வெள்ளத்தில் என் பிசானப் பருவ நெல் முழுகியது. தக்காளி நூறு ரூபாயைத் தாண்டிய வாரம் தொலைக்காட்சி முழுக்க அதுதான். பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டாமல் அதே தக்காளியைப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிற சாலையோரம் கொட்டிவிட்டுப் போன வாரம் ஒரு காமிராவும் வரவில்லை.

உன் கடைக்கு வருகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு நடவுக்கு வருகிற பெண்கள் ரேஷன் அரிசியை நம்பி இருக்கிறார்கள். எண்ணெயும் பருப்பும் ஏறினால் அவர்களுக்குத்தான் முதலில் வலிக்கும். துவரம்பருப்பு எனக்கும் விலைக்குத்தான் வருகிறது. 18 ரூபாய்க்குப் போன என் நெல்லை அரிசியாக்கினால் கிலோவுக்கு 28 ரூபாய்கூட ஆகவில்லை. அது உன் அலமாரிக்கு வருவதற்குள் என்ன விலை ஆகிறது, நடுவில் யார் யார் கை வைக்கிறார்கள் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை மறைக்காமல் எழுது. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பையில் அடைத்த அரிசிக்கு ஐந்து சதவீத வரி போட்டதும் அதிலிருந்து தப்ப 26 கிலோ மூட்டை கண்டுபிடித்தவர்கள் ஆயிற்றே உங்கள் ஆட்கள்!

இப்போது ஒரு காரியம். வீட்டுக்கென்று எடுத்துவைத்த அம்பை 16 ரக நெல் கொஞ்சம் காய்ந்து கிடக்கிறது. இங்கேயே புழுங்கல் போட்டு அரைத்து அனுப்பினால் இட்லி அரிசியாக உன் கடையில் ஓடுமா? பத்து மூட்டை எடுத்துக்கொள்வாயா? லாரி வாடகை, மில் கூலி போக எனக்குக் கிலோவுக்கு 38 நிற்க வேண்டும். அதற்கு மேல் நீ என்ன விலை வைத்தாலும் கேட்க மாட்டேன். இல்லை, கட்டாது என்றால் கட்டாது என்று எழுதிவிடு, முகத்துக்காக வாங்காதே. பிசானத்துக்கு நாற்று பாவ வேண்டும், அதற்குள் பதில் வந்தால் நல்லது.

என் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை